இசே ஆலய தரிசனம்

ஜப்பானில் ஷிந்தோ ஆலயங்கள் பலவற்றைத் தரிசித்தபோதிலும், சூரிய தேவியாகிய அமதேராசு எழுந்தருளியிருக்கும் இசே ஆலயத்தைப் போல் என் மனத்தை ஆட்கொண்ட ஸ்தலம் வேறொன்றில்லை. இசுசு நதியின் மீதுள்ள ஊஜி மரப்பாலத்தைக் கடந்து, நதிநீரில் கரங்களைச் சுத்தி செய்துகொண்டு, பிரம்மாண்டமான விருட்சங்களினூடே நடந்து சந்நிதியை அடைந்தால், வெண்திரையொன்றே நம்மை எதிர்கொள்கிறது. தேவியின் திருச்சின்னமாகப் போற்றப்படும் கண்ணாடியை யாத்திரிகர் எவரும் காண்பதற்கில்லை. இருமுறை சிரம் தாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் வணங்கி நின்றபோது, காணாமையே பக்தியை வளர்ப்பதை உணர்ந்தேன்.

690ஆம் ஆண்டில் ஜிதோ பேரரசியின் காலத்தில் தொடங்கி, இடையே உள்நாட்டு யுத்தங்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டபோதிலும், பின்னர் புத்துயிர் பெற்று, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அருகிலுள்ள நிலத்தில் ஆலயத்தை முற்றிலும் புதிதாக நிர்மாணிக்கும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. பழைய ஆலயத்தின் பெருந்தூண்கள் ஊஜி பாலத்தின் தோரண வாயில்களாக மறுஜன்மம் எடுக்கின்றன. தச்சரின் வித்தை தலைமுறை தோறும் கைமாறுவதற்கு இதனினும் மேலான உபாயம் உண்டோ?

அமதேராசுவுக்கு நாள்தோறும் இருவேளை நைவேத்தியம் படைக்கப்படுவது, அன்னத்தின் தெய்வமாகிய தொயோஉகே வீற்றிருக்கும் இசேயின் புற ஆலயத்திலே. அங்கே முதலில் வழிபட்ட பின்னரே அமதேராசுவின் சந்நிதியாகிய அக ஆலயம் செல்வது மரபு. நண்பர்களே, செல்லும்போது இம்முறையைக் கைவிடாதீர்கள்.