விழுந்தா என்ன பண்ணுவீங்க?

இந்தப் பதிவு ஒரு வருஷமா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்தது. "அம்மா மாதிரி வளர்த்தவங்களை ஹோம்ல கொண்டு போய் விட்டுட்டு, அதைப் பதிவா வேற போடறியா"ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தர் அவங்க அப்பாவுக்கு இடம் தேடறதா சொன்னார். அவருக்குச் சொன்னதையே இங்கயும் எழுதிடறேன். திட்டறவங்க திட்டிக்கலாம் :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. எனக்கு நாலு வயசுல அம்மா தவறிட்டாங்க. என்னையும் அக்காவையும் வளர்த்தது அத்தைதான். கல்யாணமான மறு வருஷமே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவங்க. இப்ப வயசு 81. சில வருஷமா மறதி நோய். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, "ஸ்கூல் விட்டிருக்கும், பசங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்"னு கதவைத் திறந்துகிட்டுக் கிளம்பிடுவாங்க. அந்தப் பசங்க நாங்கதான். ஒரு நாள் கேஸைத் திறந்துட்டு பத்த வைக்க மறந்துட்டாங்க. நானும் தங்கமணியும் வேலைக்குப் போறவங்க. பாத்துக்க வந்த ஆயாக்கள் நாலு பேர் மாறின பிறகுதான் ஹோம் தேட ஆரம்பிச்சோம்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. "நான் பாக்காம எங்கயும் அட்வான்ஸ் குடுத்துடாதேடா"ன்னு சொல்லிட்டா.

முதல்ல போன இடம் தாம்பரம் தாண்டி. வரவேற்பறையில ஏசி, மீன் தொட்டி, பெரிய தஞ்சாவூர் ஓவியம். "சார், இதுவரைக்கும் எங்ககிட்ட ஒருத்தர் கூட கீழ விழுந்ததில்லை"ன்னார் மேனேஜர். எனக்கு அங்கயே செக் எழுதிடலாம்னு தோணுச்சு. அக்கா, "மாடிக்குப் போலாமா"ன்னா. "இப்ப ரெஸ்ட் டைம் மேடம்." "பரவால்ல, சத்தம் போட மாட்டோம்"னு இவ பாட்டுக்குப் படியேறிட்டா.

மேல ஆறு பேர் வரிசையா நாற்காலியில. எல்லார் மடியிலயும் போர்வை. ஒரு பாட்டி எழுந்திருக்கப் பாத்தாங்க, முடியலை. போர்வை நழுவினப்போதான் தெரிஞ்சுது, இடுப்பைத் துப்பட்டாவால நாற்காலியோட சேர்த்துக் கட்டியிருந்தாங்க. "அவங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்."

அக்கா ஒண்ணும் பேசலை. கார்ல ஏறினப்புறம்தான் வெடிச்சா. "யாரும் விழலையாம்! கட்டிப் போட்டா எப்படிடா விழுவாங்க? நாள் பூரா ஒரே இடத்துல உக்கார வெச்சா இருக்கற கால் பலமும் போயிடும், உக்கார்ற இடத்துல புண்ணு வரும். எழுந்திருக்க முண்டினா அந்தத் துணியே கழுத்தை இறுக்கிடும். தீப்பிடிச்சா?"

எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. மனநலம் பாதிச்சவங்களை வெச்சிருந்த ஒரு கொட்டகையில தீ. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. அங்கயும் பாதுகாப்புன்னுதான் சொல்லியிருப்பாங்க. அமெரிக்காவுல 1987லயே, தண்டனைக்காகவோ ஊழியர்களோட வசதிக்காகவோ நர்சிங் ஹோம்ல யாரையும் கட்டி வைக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க.

ரெண்டாவது இடத்துக்குச் சொல்லாம கொள்ளாம ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் போனோம். 22 பேருக்கு ஒரே ஒரு பொண்ணு. அப்படியே திரும்பிட்டோம்.

மூணாவது, ஒரு பழைய வீடு. சுவத்துல பெயிண்ட் உரிஞ்சிருந்தது. எனக்குப் பிடிக்கலை. அக்கா பொறுமையா உள்ள சுத்தினா. அவ பாத்ததையும் கேட்டதையும் அப்படியே தரேன், யாருக்காவது உதவும்:

1. படுத்த படுக்கையா இருக்கறவங்க குதிகால்ல, முதுகுக்குக் கீழ புண்ணு இருக்கா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெக்கறாங்களா?
2. தண்ணி டம்ளர் அவங்க கைக்கு எட்டற தூரத்துல இருக்கா, இல்ல அழகா மேசை மேல இருக்கா?
3. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி, ராத்திரி விளக்கு, வெளியிலேர்ந்தும் திறக்கற தாழ்ப்பாள் இருக்கா?
4. மாத்திரையை எடுத்துக் குடுக்கறது யாரு, எழுதி வைக்கறாங்களா?
5. ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க? வாசல் சாவி யார்கிட்ட?
6. சாப்பாட்டு நேரத்துல போங்க. ஊட்டி விடறவங்க உக்காந்து ஊட்டறாங்களா, நின்னுகிட்டே திணிக்கறாங்களா?

கடைசியா அங்க பொறுப்புல இருந்த அம்மாகிட்ட, "விழுந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னா. அந்தம்மா ஒரு நீள நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. அந்த வருஷம் ஏழு தடவை யார் யாரோ விழுந்திருக்காங்க. எத்தனை மணிக்கு, எங்க, யாருக்குப் போன் பண்ணாங்க, அப்புறம் எதை மாத்தினாங்கன்னு எல்லாம் எழுதியிருந்தது.

"ஏழு தடவையாக்கா!"ன்னேன் வெளியில வந்து.

"நடமாட விடறாங்க, அதான் விழறாங்க. விழுந்ததை எழுதி வைக்கறவங்க நாளைக்கு உன்கிட்ட மறைக்க மாட்டாங்க. அத்தை இங்கதான் இருக்கப் போறாங்க."

சேர்த்து மூணு மாசம் இருக்கும். ராத்திரி ரெண்டரைக்குப் போன். அத்தை பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. ஓடினோம். மணிக்கட்டுல எலும்பு விரிசல், மாவுக்கட்டு. சொந்தக்காரங்க எல்லாம் "நாங்க அப்பவே சொன்னோம்ல"ன்னு வரிசையா ஆரம்பிச்சாங்க. எனக்கும் ஆத்திரம். அங்கயே சத்தம் போட்டேன். அந்தம்மா பதிலே பேசாம நோட்டை என் முன்னாடி வெச்சாங்க. 2.10 மணி. 2.15க்கு டாக்டருக்குப் போன், 2.25க்கு எனக்கு. கீழ கடைசி வரி: "பாத்ரூம் விளக்கு ரெண்டு நாளா எரியலை. நாங்க கவனிக்கலை."

அதுக்கு மேல எனக்குச் சத்தம் வரலை. மறுநாள் போனப்ப எல்லா பாத்ரூம்லயும் புது விளக்கு எரிஞ்சிட்டிருந்தது.

அத்தை இன்னும் அங்கதான் இருக்காங்க. வாரம் ரெண்டு தடவை போறேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற நேரத்துல, சொல்லாம. அக்கா உத்தரவு. தோட்டத்துல நடந்துட்டு இருப்பாங்க. சில நாள் என்னை யாருன்னு தெரியாது. தெரியற நாள்ல, "எப்படா வீட்டுக்குப் போலாம்?"னு கேப்பாங்க. அதுக்கு மட்டும் அக்காகிட்டயும் பதில் இல்லை, என்கிட்டயும் இல்லை.

டிஸ்கி: முதியோர் உதவிக்கு 14567ன்னு இலவசத் தொலைபேசி எண் இருக்கு. எங்கயாவது பெரியவங்களைக் கட்டிப் போட்டிருக்கறதைப் பாத்தா கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் அன்னிக்குச் சொல்லாம வந்துட்டேன். அந்தத் துப்பட்டா பாட்டி இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்கறாங்க.