மானுக்கு விதைத்த காணி

ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வருகின்ற எம்மவர்களில் பலர் தேர் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு மணித்தியாலத்துக்குள் மொய்ன குளம் வரும். குளத்தின் தென்கரையில் தொடங்குவது ஆர்ன்ஸ்பேர்க் காடு. அந்தக் காட்டோரக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் இருக்கின்றோம். இருவர் முல்லைத்தீவு, ஒருவர் கிளிநொச்சி, ஒருவர் யாழ்ப்பாணம். நால்வரும் ஒரே தொழிற்சாலையில் மூன்று நேர முறையில் பித்தளைப் பொருத்திகள் கடைகின்றோம்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரை ஓப்பா என்றுதான் அழைப்போம். டொச்சில் தாத்தா என்று அர்த்தம். எண்பதை நெருங்குகின்ற மனிதர். இன்னும் இருவருடன் சேர்ந்து காட்டின் ஒரு பகுதியை வேட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். 2020 வசந்தத்தில் கொரோனாவால் வேலைத்தலத்தில் அரை வேலை. சும்மா இருந்த எங்களிடம், முழங்கால் ஏலாது, கொஞ்சம் கல்லுப் பொறுக்கித் தருவீர்களா என்று கேட்டார். உருளைக்கிழங்கு நடப்போகிறார் என்று நினைத்துப் போனோம். மானுக்கு விதைக்கப் போவதாகச் சொன்னார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். வன்னியில் மானுக்கும் பன்றிக்கும் பயந்து பரண் கட்டி இராவிராவாக முழித்திருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இங்கேயும் காட்டோரங்களில் பரண் நிற்கிறது. ஹோஹ்சிட்ஸ் என்பார்கள். எங்கள் பரணைவிடத் திறமான பலகை. ஆனால் அதன் முன்னால் விதைத்திருப்பது மானுக்கு! இதற்கு வில்ட்ஆக்கர் என்று பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. 2007 ஜனவரி 18 அன்று அடித்த கிரில் புயல் இந்த மலைநாட்டுக் காட்டைப் பெருமளவில் சரித்தது. தப்பிய ஊசியிலை மரங்களை 2018இலிருந்து தொடர்ந்த வரட்சியும் பட்டைவண்டும் முடித்தன. றெயினில் போகும்போது பார்த்தால் மலைகள் மொட்டையாகத் தெரியும். வெட்டிய இடங்களில் ஓக், பீச் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். றே என்னும் சிறிய மான் அந்தக் கன்றுகளின் நுனிக் குருத்தைத்தான் தேடிக் கடிக்கும். குருத்துப் போனால் கன்று புதராகிவிடும். பெரிய செம்மான் மரப்பட்டையை நீளமாக உரித்துத் தின்னும். இவை போதாதென்று ஆர்ன்ஸ்பேர்க் காட்டில் சீக்கா மானும் உண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்த இனம், வேலிக்குள் வளர்க்கப்பட்டுப் பின் காட்டுக்குள் வந்தது. கோடையில் உடம்பெல்லாம் புள்ளி. முதன்முதல் கண்டபோது எங்கள் ஊர்ப் புள்ளிமான் என்றே நினைத்தோம்.

கமக்காரரின் பயிரை மானோ பன்றியோ அழித்தால் அவர் ஒரு கிழமைக்குள் அறிவிக்க வேண்டும். சட்டப்படி நட்டஈடு உண்டு. அனேகமான குத்தகைகளில் அந்தக் காசு குத்தகைக்காரரின் தலையில்தான் விழும். பென்சன் எடுக்கும் ஓப்பாவுக்கு அது சின்னக் காசு அல்ல.

காணி ஏறக்குறைய 2,500 சதுர மீட்டர், எங்கள் கணக்கில் 10 பரப்பு. முன்பு மரக்குற்றி அடுக்கிய இடம். றோட்டுக்குத் தூரம், ஒதுங்கக் காடு பக்கத்தில், வெயிலும் விழும். ஆனால் மண்? கையால் உடைத்தால் பலகை பலகையாகக் கழரும் கல். ஊசியிலை விழுந்து விழுந்து புளித்துப் போன மண். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்பு. தோட்டத்துக்குச் சுண்ணாம்பு போடுவது என்பதை நாங்கள் இங்கேதான் கண்டோம். மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். அது இல்லாவிட்டால் குளோவரும் லூசேர்னும் வேர்விடாது.

முதல் விதைப்பு முழுத் தோல்வி. அந்த ஏப்ரலில் நல்ல வெயில். ஓப்பா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் விதைத்து அசத்துவோம் என்று பூக்வைட்சனையும் குளோவரையும் போட்டோம். பூக்வைட்சன் அழகாக முளைத்தது. மே நடுப்பகுதியில் ஒரு இராப் பனி, விடியப் பார்க்கக் கறுத்துக் கிடந்தது. குளோவர் முளைக்கவேயில்லை. அதன் விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் மேலே வரச் சக்தி இராது. நாங்கள் பயற்றங்கொட்டை போல மண்மூடி விட்டிருக்கிறோம். தோட்டக்காரப் பிள்ளைகள் என்று பெருமை பேசியவர்களுக்கு வெட்கமாகப் போயிற்று. ஓப்பா ஏசவில்லை. கலண்டரில் மே 15ஐத் தொட்டுக் காட்டினார். குளிர் சோபி நாள். அது கழியும்வரை பனிக்குப் பயந்த எதையும் இந்நாட்டவர் வெளியில் நடுவதில்லை.

அதன்பின் அவர் சொன்னபடி செய்தோம். றேயின் இரைப்பை சிறியது. ஒரு நாளைக்குப் பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய இலையாகப் பார்த்துத்தான் தின்னும். செம்மான் புல்லையும் மேயும். ஆகவே கலந்துதான் விதைக்க வேண்டும். நடுவில் குளோவர், அதற்கு நிழலாக ஓட்ஸ். ஒரு பக்கம் தீவனக் கோவா. அதன் தண்டு எங்கள் இடுப்புக்கு மேலே வளர்ந்து, இலேசான பனியையும் தாங்கி மார்கழியில் பச்சையாக நின்றது. அதே இடத்தில் மறு வருடம் கோவா வைக்கக் கூடாது, வேர் வீங்கும் நோய் வரும். கரையோரம் தொப்பினம்பூர்க் கிழங்கு. சூரியகாந்தியின் சொந்தம். இலையை மான் தின்னும், கிழங்கைப் பன்றி கிண்டும். றேப்ஸ் மட்டும் வேண்டாம் என்றார் ஓப்பா. 1980களின் பிற்பகுதியில் கசப்பு நீக்கிய புது இன றேப்ஸை அளவுக்கு மீறித் தின்று மான்கள் கண் தெரியாமல் அலைந்து செத்ததை அவர் தன் கண்ணால் கண்டவர்.

மான் தின்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு மீற்றர் சதுரத்தில் கம்பிக் கூடு ஒன்றைப் பயிரின்மேல் கவிழ்த்து விட்டோம். ஆவணியில் கூட்டுக்குள் குளோவர் முழங்கால் உயரம், வெளியில் விரலளவு. அன்று நாங்கள் பட்ட சந்தோஷம் சம்பளம் கூடிய அன்றும் பட்டதில்லை.

மே, ஜூன் குட்டி போடும் காலம். குளோவரைப் புதிதாகத் துளிர்க்க வைக்க அப்போதுதான் ஒருமுறை வெட்டவும் வேண்டும். றேக் குட்டி ஆபத்து வந்தால் ஓடாது. அப்படியே நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். மெஷின் வருவது அதற்கு விளங்காது. இரவு வேலை முடித்து நேரே போய், கைக்கெட்டிய தூரத்தில் வரிசையாக நடந்து தேடினோம். கிளிநொச்சிக்காரர்தான் கண்டார். காது மடக்கி, கண்ணை மட்டும் திறந்தபடி கிடந்தது. மனித மணம் படாமல் இரண்டு கை நிறையப் புல்லோடு தூக்கிப் பெட்டியில் வைத்து நிழலில் விட்டோம். வெட்டி முடிந்ததும் அதே இடத்துக்கருகில் வைத்தோம். அவர் அன்று முழுவதும் ஒன்றும் கதைக்கவில்லை. 2009இல் பங்கருக்குள் தன் தங்கச்சியும் அப்படித்தான் கிடந்தாள் என்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்.

தின்னக் கொடுத்து வைத்துச் சுடுவது நியாயமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். இருவர் அந்த இறைச்சியைத் தொடமாட்டோம் என்றார்கள். மற்ற இருவரும் யாழ்ப்பாணத் தூள் போட்டு வைத்த கறியின் மணம் அவர்களில் ஒருவரைத் தோற்கடித்தது. ஓப்பாவிடமே கேட்டோம். இந்தக் காணியில் தான் சுடுவதில்லை என்றார். கன்று நட்ட இடத்தில்தான் சுடுவாராம். அங்கே மானுக்குப் பயம் இருக்க வேண்டும், இங்கே அமைதி இருக்க வேண்டும். பயிரோரப் பரணில் அவர் ஏறுவது எண்ணிப் பார்க்க மட்டும். ஆனால் காட்டிலாகாக்காரர் ஒருவர், தின்னக் கொடுத்தால் மான்தான் கூடும், குறைப்பதே வழி என்று எங்கள் முன்னாலேயே அவரோடு சண்டை பிடித்தார். எங்களுக்கு இருவரும் சரியாகவே படுகிறது. வெறுமனே விதைத்துவிட்டுச் சுடாமல் விட்ட சரிவில் கன்றுகள் தப்பவில்லை. இரண்டும் செய்த சரிவில் ஓக் எங்கள் நெஞ்சளவு நிற்கிறது.

முல்லைத்தீவிலிருக்கும் தகப்பனுக்கு எங்களில் ஒருவர் இதைப் படம் எடுத்து அனுப்பினார். "என்னடா தம்பி, மானுக்கோ விதைக்கிறியள்?" என்று மனுசன் போனில் சிரித்த சிரிப்பு எல்லோருக்கும் கேட்டது. பிறகு, "உங்கை இடம் கிடக்குது, விதைக்கிறாங்கள்" என்றார். அவருடைய மேட்டுக்காணி இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை மண்டியது. திரும்பிப் போனபோது காட்டு எல்லைக்கல் நட்டிருந்தது. இன்னும் அலைகிறார்.

ஓப்பாவின் குத்தகை வருகிற மார்ச் 31இல் முடிகிறது. புதியவருக்கு இந்தக் காணி வேண்டுமோ தெரியாது. காட்டு றொக்கன் என்று ஒரு தானியம் உண்டு. ஜூன் 24ஐ ஒட்டி விதைத்தால் அந்த வருடம் மேய்ச்சலுக்கு மட்டும், அடுத்த வருடம்தான் கதிர் தள்ளும். அதை விதைப்போமா விடுவோமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, விதைப்பம் என்று முதலில் மண்வெட்டியை எடுத்தவர் எங்கள் கிளிநொச்சிக்காரர். அவருடைய டுல்டுங் கடதாசி ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. கடந்த ஜூனில் விதைத்துவிட்டோம். இப்போது கணுக்கால் உயரம், நுனி கடித்திருக்கிறது.