வலிக்காத கால்

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் தாராபுரம்–பழநி ரோட்டில் தொப்பம்பட்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கொப்புளம் உடைந்து நொண்டுகிற கால், கிரேப் பேண்டேஜ் சுற்றிய கால், ஈரத்துணி கட்டிய கால். பாதயாத்திரை போகிறவர்களிடம் வலிக்குதா என்று கேட்டால் சிரிப்பார்கள். வேண்டுதலில் வலியும் சேர்த்தி. பங்குனி உத்திரத்துக்கு நடக்கிறவர்களுக்குத் தார் ரோட்டின் சூடும் உண்டு.

நொண்டுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அவர்களுக்கு வலி தெரிகிறது, உட்கார்ந்துவிடுவார்கள். அதே கூட்டத்தில் வெறுங்காலோடு விறுவிறுவென்று போகிற, பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவரைப் பார்த்தால்தான் பயம்.

என் பெரியப்பா அப்படி ஒருவர். சீமைக்கருவேல முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அதோடு இரண்டு நாள் காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். திண்ணையில் ரத்தப் பொட்டைப் பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், “வலியே இல்ல கண்ணு, எதுக்கு ஆஸ்பத்திரி?” என்றார். ஒரு வாரம் மஞ்சள் பத்து. பிறகு காய்ச்சல். புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நிஜமாகவே வலிக்கவில்லை. பிரச்சினையே அதுதான்.

இதை முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். உணர்ச்சி செத்துப்போனதால் சூடு, வெட்டு, தேய்மானம் எதுவும் தெரியாமல் போய், அந்தக் காயங்களால்தான் விரல்கள் அழிகின்றன என்று அவர் காட்டினார். தூக்கத்தில் எலி கடித்தது தெரியாதவர்கள்கூட இருந்தார்கள். பின்னால் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே கதையைத்தான் அவர் பார்த்தார்.

சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாத நரம்புகள் மெல்லச் செயலிழக்கும். ரத்தக்குழாய்களும் சுருங்கினால் புண் ஆறாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். எங்கள் ஐ.டி. வேலையில் சொல்வதுண்டு: அலர்ட் வரவில்லை என்றால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அலர்ட் அனுப்புகிற புரோகிராமே செத்திருக்கலாம்.

அப்படியென்றால் எப்போதுதான் டாக்டரிடம் போவது? காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீரென்று குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் பதற வேண்டாம். மெத்தென்ற செருப்பு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி என்று இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். குறையாவிட்டால் போய்க் காட்டுங்கள். அடிபட்ட காலை ஊன்றவே முடியவில்லை என்றால் அன்றைக்கே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சும் திணறினால் 108. நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விட்டுவிடுகிறதா? ராத்திரியில் காலைத் தொங்கப்போட்டால்தான் பாதவலி அடங்குகிறதா? ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. பாதத்தில் எந்தப் புண்ணும், எந்தக் கொப்புளமும் உடனே காட்ட வேண்டியவை. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் வலி துளியும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். தோல் கருத்தாலோ, சீழும் காய்ச்சலும் வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் ஆபத்து, வெந்துபோனது தெரியாது.

பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். அரசு மருத்துவமனைகளில் ‘பாதம் பாதுகாப்போம்’ என்று இதற்கென்றே திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போங்கள்.

மற்ற நாட்களில், படுக்கப்போகும் முன் அவர்கள் பாதத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். செருப்பையும் கவிழ்த்துத் தட்டுங்கள். காலைத் தொடாதே என்று கூச்சப்படுவார்கள். பரவாயில்லை, ஆசீர்வாதம் வாங்கும்போது தொடுகிற கால்தானே!