முதுகு தேய்க்க ஆள் இருந்த காலம்

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஆடிக் காற்று அடித்தால், உழுது போட்ட புஞ்சை எழும்பி வந்து ஆள் மேல் உட்காரும். மேற்கே குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதத்தில் எங்களுக்குப் புழுதி. வியர்வையில் குழைந்த கரிசல் மண் கழுத்து மடிப்பிலும் முழங்கையிலும் ஒட்டினால் லேசில் விடாது.

அதைக் கழுவக் கிடைப்பதோ சவர்த் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்பை நுரைக்க விடாமல் வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். சீயக்காய்க்கும் அரப்புக்கும் அந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் சப்போனின் சவர்த் தண்ணீரிலும் எண்ணெயை எடுத்துவிடும். மனிதத் தோலின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டிய இளம் புளிப்பு. சோப்பு 9, 10 என்று காரம். உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பு எங்கள் தோலுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பது, அதை விட்டு வந்த பிறகுதான் உறைக்கிறது.

சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆச்சி உச்சந்தலையில் வைத்துத் தட்டுவாள். துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்போம். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் பெரியப்பா மோட்டாரைப் போடுவார்; தொட்டியில் விழும் தண்ணீருக்கு அடியில் முதுகைக் கொடுக்க அடிதடி. "ஏலே, காதுக்குப் பின்னால தேச்சியாலே?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் அவரே பீர்க்கங்கூட்டால் தேய்ப்பார். அவர் முதுகை நாங்கள் தேய்ப்போம். தொட்டியை விட்டு வழிந்த தண்ணீர் வாய்க்கால் வழியே மிளகாய்ப் பாத்திக்குப் போகும். சொட்டு வீணாகாது.

தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பொழுதடைய வரும் அக்காமார், விரலில் ஒட்டிய மருந்தும் கந்தக வாடையும் போகக் குளித்த பிறகுதான் உலையே வைப்பார்கள். எந்த ஆண்டிலும் அவர்களுக்குக் குடத்துத் தண்ணீர்தான் கணக்கு. அந்தச் சிரமத்தை மறைத்துவிட்டு நான் ஊர்ப்பெருமை பேச மாட்டேன்.

கண்மாய் வற்றிய வருசங்களில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்க வீடுகளின் தண்ணீர்ப் பயன்பாட்டை ஆராய்ந்து 1972-இல் கில்பர்ட் வைட், டேவிட் பிராட்லி, ஆன் வைட் மூவரும் எழுதிய நூல், கழுவப் போதிய தண்ணீர் இல்லாததால் பரவும் நோய்களைத் தனி வகையாகவே பிரித்தது. தோல் நோயும் கண் நோயும் அதில் அடக்கம். அதைப் படித்தபோது எங்கள் வகுப்பறைதான் கண்ணில் வந்தது. சிரங்குப் பூச்சி தோலுக்குள் குடைந்து கிடப்பது, குளியலால் மட்டும் சாகாது, மருந்து வேண்டும். ஆனால் சொறிந்த புண் சீழ் பிடிக்காமல் இருக்கத் தினமும் கழுவியாக வேண்டும்.

இப்போது சென்னை அடுக்குமாடியில் குழாயைத் திருகினால் வெந்நீர். அதில் நெடுநேரம் நின்று நின்று காலெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு ஈரம் காயும் முன் எண்ணெய் தடவச் சொன்னார் மருத்துவர். செய்கிறேன், தோல் தேறிவிட்டது. முதுகின் நடுப்பகுதிக்குத்தான் கை எட்டவில்லை.

கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. நல்ல தண்ணீர், சோப்பு நுரைக்கும். எங்கள் கிணற்றைச் சுற்றியோ சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. போன வாரம் தம்பியிடம் கேட்டேன். "மோட்டாரக் கழத்தி வித்தாச்சுண்ணே" என்றான். புது மோட்டாருக்கு நான் பணம் தருகிறேன் என்றேன்.

"ஐப்பசி மழைக்கு மொதல்ல தண்ணி ஊறட்டும்ணே, பாப்போம்."