கொல்லிமலை அருவி

தமிழ் பயில்வார்க்குக் கொல்லிமலை புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரி அவனைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு கூறும். நற்றிணைப் பாட்டொன்று அம்மலையின் பலாவையும் வெள்ளருவியையும், காற்றும் மழையும் மோதினும் எழில் குன்றாத கொல்லிப் பாவையையும் ஒருங்கே பேசும். ஏட்டில் ஒலித்த அருவியைச் செவியாலும் கேட்க விரும்பி, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர் மூவருடன் அங்குச் சென்றேன்.

நாமக்கல் சமவெளியினின்று காரவள்ளியை அடைந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மேல்நாடு விரிகின்றது. மிளகுக்கொடி தழுவிய மரங்களும், பலாவும், வாழையும் வழியெங்கும் நின்றன. மலைக்குச் செல்வோர் ஏறுதலையே எதிர்பார்ப்பர். இங்கோ, ஏறி முடித்த பின்னர், அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல் இறங்கவேண்டும். கால்கள் நடுங்கத் தொடங்கியபோது ஓசை எழுந்தது. பின்னர்ச் சாரல் வந்தது. அதன் பின்னரே அருவி தோன்றிற்று. ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று பாறையை உரசிக்கொண்டு இறங்கும் அவ்வெள்ளத்துக்கு 'ஆகாய கங்கை' என்பது பெயர். வாயாடிகளாகிய நாங்கள் நால்வரும் நெடுநேரம் வாய் திறவாது நின்றோம்.

திரும்பி ஏறி இளைப்பாறுகையில், அன்னாசிப்பழம் விற்ற மலையூர்ப் பெரியவர் ஒருவர், "தம்பிகளுக்கு எந்த ஊர்?" என்று வினவினார். "முசிறிங்க ஐயா" என்றான் நண்பன் ஒருவன். "அப்படியானால் இது உங்கள் பக்கம் வரும் தண்ணீர்தான்" என்று நகைத்தவர், சற்றுப் பொறுத்து, "என் சிறு வயதில் இந்தச் சரிவெல்லாம் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. இப்போது எங்கும் குச்சிக்கிழங்கு. காசு வருகிறது, மண் போகிறது" என்றார்.

அவர் சொல் எம் நெஞ்சில் தைத்தது. மலையிற் பெய்யும் மழையைக் காட்டின் சருகும் வேரும் தேக்கி, ஊற்றுக்களாகச் சிறுகச் சிறுக விடுகின்றன. அவ்வூற்றுக்கள் கூடியதே ஐயாறு. அதுவே ஆகாய கங்கையாய் இறங்கி, மலையடியிலுள்ள புளியஞ்சோலை வழியே சமவெளி புகுந்து, காவிரியைச் சேர்கின்றது. சரிவிலே கிழங்கு பிடுங்குந்தோறும் மண் இளகி மழையோடு ஓடிவிடும். மண் போனால் ஊற்றும் போம். அக்கிழங்கோ, பெரும்பாலும் சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கே இறங்குகின்றது. ஆதலின் பழியை மலைவாழ் மக்கள்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. கீழே இருக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

அருவியை நாம் இந்நாளில் 'நீர்வீழ்ச்சி' என்கின்றோம். அஃது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. நம் முன்னோர் வழங்கிய சொல் அருவி. உயர்ந்த இடத்தினின்று இறங்கிவந்து பிறர் வயலை நனைக்கும் நீருக்கு வீழ்ச்சி ஏது? ஊற்றுக்கண் வற்றுமாயின், அதுவன்றோ வீழ்ச்சி!

மாணவ நண்பர்காள்! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலை உழவரோடு சேர்ந்து சிறுதானியங்களைப் பேணப் பாடுபட்டுள்ளது. நாமும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அருவி காணச் செல்லுங்கள், நீராடி மகிழுங்கள், திரும்புகையில் அம்மலையில் விளைந்த சாமையை வாங்கி வாருங்கள். வாங்குவார் உளராயின் விளைப்பாரும் உளராவர். நாங்கள் ஆளுக்கு இரண்டு படி வாங்கினோம். விடுமுறை முடியுமட்டும் எம் வீட்டில் இரவுதோறும் சாமைச் சோறுதான்.