அண்டாவில் வெட்டிய பெயர்

பாலசமுத்திரத்தில் என் அத்தை வீட்டுப் பரணில் ஒரு எவர்சில்வர் அண்டா இருக்கிறது. ஜல்லிக்கட்டில் கிடைத்த பரிசு. விளிம்பில் மாமாவின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். அதை வென்றது அத்தையின் காளை.

கன்றிலிருந்து அதை வளர்த்தவர் அத்தை. பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது, குளத்தில் நீந்த விடுவது, மண்மேட்டைக் குத்தப் பழக்குவது எல்லாம் அவர்தான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, சும்மா நிற்கிற மாட்டுக்கு எதற்குத் தீனி, விற்றுவிடலாம் என்றார் மாமா. அத்தை தன் கூலிக் காசில் தீனி போட்டார். 2017 ஜனவரியில் மெரினாவில் பெண்களும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள்; சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அத்தையின் காளை யார் கையிலும் சிக்காமல் வாடிவாசலைக் கடந்தது. ஒலிபெருக்கி மாமாவின் பெயரைச் சொன்னது. அத்தை அப்போது காளைகள் ஓடிவந்து சேரும் இடத்தில் கயிறோடு நின்றிருந்தார்.

கிரேக்கர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டா நினைவுக்கு வருகிறது. போட்டிக்கு அவர்கள் வைத்த சொல் அகோன். முதலில் அது ஆட்கள் கூடும் இடம். பிறகு அங்கே நடக்கும் பந்தயம். நெல்லடிக்கும் இடத்தையும் போர் நடக்கும் இடத்தையும் நாம் களம் என்பதைப் போல. மல்யுத்தம் மட்டுமல்ல, நாடகமும் வழக்கும்கூட அவர்களுக்கு அகோன்தான். கிரேக்கப் பண்பாட்டையே இயக்கியது இந்தப் போட்டி மனம் என்று 19ஆம் நூற்றாண்டில் புர்க்ஹார்ட்டும் நீட்சேயும் எழுதினார்கள். நம் காலத்தில் சாந்தால் மூஃப் அதை ஜனநாயகத்துக்கு எடுத்துக்கொண்டார்: எதிரே நிற்பவர் அழிக்க வேண்டிய பகைவர் அல்ல, மோதும் உரிமையுள்ள எதிராளி என்றார். நல்ல யோசனை. ஆனால் எதிராளியாக நிற்பதற்கே முதலில் களத்துக்குள் இடம் வேண்டும்.

ஒலிம்பியாவில் மணமான பெண்கள் வேடிக்கை பார்க்கக்கூட வர முடியாது. கதைகளில் பெண்தான் பரிசு: தேர்ப் பந்தயத்தில் பெலாப்ஸ் வென்றது ஹிப்போடமியாவை. நம் முல்லைக்கலியிலும் ஏறு தழுவியவனுக்கே ஆயமகள்.

ஆனாலும் ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா கி.மு. 396இல் அங்கே தேர்ப் பந்தயத்தில் வென்றாள். வெற்றி தேரோட்டிக்கு அல்ல, குதிரைக்கு உரியவருக்கு என்பது விதி. அவள் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். ஸெனஃபோன் இதை வேறு மாதிரி எழுதினார்: குதிரை வைத்து ஜெயிக்கப் பணம் போதும், வீரம் வேண்டாம் என்று காட்டத்தான் அவள் சகோதரன், அரசன் அகெசிலாஸ், அவளை இதில் இறக்கினானாம். ஒரு பெண் ஜெயித்ததும் பந்தயத்தின் மதிப்பே இறங்கிவிட்டது.

நம் வாடிவாசலிலும் அதே விதிதான். பிடிபடாத மாட்டின் பரிசு உரிமையாளருக்கு. கினிஸ்காவின் குதிரைகள் அவள் பெயரில் இருந்தன. அத்தையின் மாடு மாமா பெயரில்.

அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். "மாடு செயிச்சுதுல்ல, அது போதும் கண்ணு" என்றார்.

போன மார்கழியில் புதுக் காளைக்கு இணையத்தில் பதிவு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். உரிமையாளர் பெயர் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினேன். மாமா திண்ணையில் இருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தன் ஆதார் அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.