ஒரு பொதி கூடுதல்

எல்லையிலுள்ள களியக்காவிளையில் ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தி இல்லாமல் எங்கள் பக்கத்தில் மாதம் கழிவது அபூர்வம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அது மூட்டையாகி, காரின் பின்சீட்டுக்கு அடியிலும் டெம்போவிலும் ஏறி, சோதனைச்சாவடி இல்லாத இடவழியாகக் கேரளத்துக்குள் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? மிக ஏழைகளுக்கான மஞ்சள் அட்டை உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ அரிசி சும்மா கிடைக்கிறது. ஆக, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊர்களில் இன்றைக்கு ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால், அரிசி கிடைக்காமல் கிடக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

அரிசியே இல்லாத காலமும் இருந்தது. 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அந்த வருஷங்களைத் தாண்டியவர்கள் மரச்சீனியால் தாண்டினார்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கை ஊக்கிப் பரப்பியதன் பலன் அறுபது வருஷம் கழித்து வயிற்றுக்கு வந்தது. என் அம்மா கடைசிவரை மரச்சீனியைச் சோற்றுக்குச் சமமாக மதித்தாளே தவிர, ஆசையோடு தின்று நான் பார்த்ததில்லை.

இப்போதைய பசி வேறு மாதிரி. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் புருஷனைச் சேர்த்துவிட்டு வார்டு வாசலில் பாய் விரித்துக் கிடக்கும் பெண்ணுக்கு வீட்டில் அரிசிப்பானை நிறைந்திருக்கலாம். அது காரோட்டிலோ பொழியூரிலோ இருக்கிறது, இவள் இங்கே இருக்கிறாள். மருந்துச் சீட்டுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் மத்தியானச் சாப்பாட்டில்தான் கை வைப்பாள். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, மூட்டுவலியோடு தனியாக இருக்கும் கிழவி உலை வைக்கச் சோம்பி, கட்டஞ்சாயாவும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறாள். கட்டட வேலைக்கு வந்த வங்காளத்துப் பையன் காய்ச்சலில் படுத்துவிட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் கிடையாது. இவர்களுக்கு வேண்டியது வடித்த சோறும் அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்க ஓர் ஆளும்.

உணவு வங்கி என்ற ஏற்பாட்டை 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கினார். கடைகளிலும் தோட்டங்களிலும் மிஞ்சுவதைச் சேர்த்து, கிடங்கில் வைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. நல்ல காரியம், உலகமெங்கும் பரவியது. எங்கள் ஊரில் நான் பங்கெடுக்கும் வங்கிக்குக் கிடங்கு கிடையாது. அதன் சரக்கு காலையில் உருவாகி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசிப்போகும். பொதிச்சோறுதான் அது.

இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் நடத்தும் இந்தத் திட்டத்துக்கு ‘ஹிருதயபூர்வம்’ என்று பெயர். 2017 ஜனவரி 1-ஆம் தேதி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் தொடங்கியது. பிறகு கேரளத்தின் பல ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. மாவட்டத்தின் மேகலைக் கமிட்டிகள், அதாவது சங்கத்தின் வட்டாரக் கமிட்டிகள், முறைவைத்துப் பொதி கொண்டுவருகின்றன. எங்கள் மேகலைக்கு முறை வருவதற்குச் சில நாள் முன்பு பையன்கள் நோட்டும் பேனாவுமாக வீடுவீடாக ஏறுவார்கள்.

“டீச்சரே, புதன்கிழமை நம்ம முறையாக்கும். எத்தனை எழுதட்டு?”

“நாலு எழுது மக்ளே.”

அவ்வளவுதான். காசு வாங்குவதில்லை, ரசீதும் கிடையாது. கட்சிக்காரர்கள் நடத்துகிறார்களே என்று ஆரம்பத்தில் எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. பொதியில் கொடி ஒட்டுவதில்லை என்று கண்டபிறகு போய்விட்டது. எங்கள் தெருவில் காங்கிரஸ் வீட்டிலும் தாமரை வீட்டிலும் பொதி கட்டுகிறார்கள். அந்தப் பையன்களை வாசலில் வைத்து நாலு அரசியல் கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்பது வேறு விஷயம். பையன்களும் அசராமல் பதில் சொல்லிவிட்டு, “அப்போ ரெண்டா மூணா மாமா?” என்று கணக்குக்கு வந்துவிடுவார்கள்.

பொதி கட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வாழையிலையைத் தணலில் வாட்டி எடுக்க வேண்டும். பச்சையாக மடக்கினால் கிழியும். வடித்த சோற்றின் சூடு தணிய வேண்டும், ஆறிக் குளிர்ந்தும் போகக்கூடாது. கொதியோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பன்னிரண்டு மணிக்கே புளிவாடை வந்துவிடும். நடுவில் சோறு, ஓரத்தில் பயறு தோரன், தேங்காய்ச் சம்மந்தி, மாங்காய் ஊறுகாய், மேலே ஒரு முட்டை பொரித்தது. பிறகு இலையை மடக்கி, பத்திரிகைத் தாளில் பொதிந்து, நூல் சுற்ற வேண்டும். காலை ஒன்பதரைக்குள் கட்டி முடித்தால்தான் வண்டி பாலராமபுரத்து நெரிசலைத் தாண்டிப் பசி வேளைக்கு மெடிக்கல் காலேஜ் பக்கத்து உள்ளூர் மேட்டில் ஏறும். தெருவில் அன்றைக்கு ஒரு ரகசியப் போட்டியும் நடக்கும். “உங்க வீட்டில என்ன கூட்டான்?” என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்பவள் சும்மா கேட்கவில்லை. தன் பொதி யாருடையது என்று தெரியாமல் யாரோ பிரிக்கப்போகிறார்கள், ஆனாலும் அது மட்டமாக இருந்துவிடக் கூடாது. இந்த ரோஷத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மிஞ்சியதைக் கொடுப்பவருக்கு இது வராது. இங்கே யாரும் மிஞ்சியதைக் கொடுப்பதில்லை, கூட்டி வடிக்கிறார்கள்.

2020 ஆகஸ்டில் எறணாகுளம் பக்கம் செல்லானத்தில் கடல் ஏறி வீடுகள் மூழ்கியபோது, அங்கே போன பொதி ஒன்றுக்குள் நூறு ரூபாய் நோட்டு ஒன்று பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்ததைப் போலீஸ்காரர்கள் கண்டார்கள். அதை வைத்த பெண்ணும் கொரோனாவில் வேலை போனவர்தான். செய்தி வந்த வாரம் எங்கள் தெருவில் இதைப் பற்றித்தான் பேச்சு. சோற்றுக்குள் நோட்டு வைப்பது சுத்தமா என்று ஒருத்தி கேட்டாள். அதான் பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறதே என்று இன்னொருத்தி.

இதெல்லாம் புதிதாக முளைத்த பழக்கமும் இல்லை. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் போடுவது இந்த நாட்டில் பழையது. கிறிஸ்தவ வீடுகளில் கோயிலுக்கென்று பிடியரிசி எடுத்தார்கள். மன்னத்து பத்மநாபன், நாயர் சர்வீஸ் சொசைட்டிக்குப் பள்ளிக்கூடங்கள் எழுப்பியதிலும் பிடியரிசி உண்டு. மிசோரம் சபைகளில் இன்றும் அது பெரிய வருமானம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் மனசு முறைவைத்துத்தான் வரும், பசி தினமும் வருகிறது. எங்கள் மேகலைக்கு முறை வராத நாட்களில் நான் அந்த வார்டு வாசலை நினைப்பதுகூட இல்லை. தினப்படிக்கு அரசாங்கம் வேண்டும், அதன் பணம் வேண்டும். கேரள அரசின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நடத்திய ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்க்கு ஊண் கிடைத்தது. ஓர் ஊணுக்கு அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்தினார்கள், விலை 30 ஆனது. பழைய மானிய பாக்கிக்காக அந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கடன் வாங்கி அடுப்பு எரித்தவர்கள் அவர்கள். பசியாற்றும் வேலையைப் பெண்களின் நல்ல மனசின் பேரில் எழுதிவிட்டுக் கஜானா ஒதுங்கிக்கொள்வது எந்தக் கட்சி செய்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

அரசாங்கத்துக்கு எட்டாததும் ஒன்று உண்டு. எந்த வீட்டில் அடுப்பு புகையவில்லை என்பது குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துக்குத்தான் தெரியும். கேரளம் அதிதரித்திரர்களைக் கணக்கெடுத்தபோது உணவு, ஆரோக்கியம், வருமானம், வீடு என்று நாலையும் பார்த்து 64,006 குடும்பங்களைக் கண்டது. அந்தக் கணக்கு வார்டு மட்டத்து மனிதர்களின் வாய்மொழியில்தான் தொடங்கியது. 2025 நவம்பர் 1-ஆம் தேதி அதிதரித்திரம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எதிர்க்கட்சி அதை மோசடி என்றது. 1956-ல் இதே நவம்பர் 1-இல்தான் விளவங்கோடு தாலுகா அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டுக்குப் போக, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். பட்டியலில் பெயர் வராதவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்கும் அக்காவுக்கு எந்த மாநிலத்துக் கிழவி சாப்பிடவில்லை என்பது தெரியும். கேட்பாரில்லை.

போன முறை நோட்டோடு வந்த பையனிடம் அதைச் சொன்னேன். மெடிக்கல் காலேஜுக்கு நம் முறை வராத நாளில் இங்கே தனியாகக் கிடக்கிற நாலு பேருக்குப் பொதி எடுத்தால் என்ன? தலையைச் சொறிந்தான். கமிட்டியில் பேசணும் டீச்சரே என்றான். பேசட்டும். அடுத்த வீட்டு மாமி குறுக்கே வந்து, இந்தத் தடவை சாளை மீன்கறி வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

“மீன்கறி வேண்டாம் மாமி, பொதி ஒழுகும். பேப்பர் எல்லாம் நனைஞ்சிரும்.”

“அப்போ பொரிச்சு வைக்கேன். ஆறுன்னு எழுது.”